ரெண்டு தள ஆபீஸ், நெட் ஜீரோ பண்ணணுமாம். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

சின்னக்கட்டடம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சிவில். இதுவரைக்கும் வீடுங்க தான் கட்டிக் குடுத்திருக்கேன், ஆபீஸ் கட்டடம் இதான் முதல் தடவை. ஒரு சின்ன கம்பெனி, 24 பேர் உக்காந்து வேலை பாக்குற மாதிரி. தரை தளம், மேல ஒரு தளம், தளத்துக்கு 200 சதுர மீட்டர், ஆக மொத்தம் 400 (அடிக்கணக்குல 4300 சுமாருக்கு வரும்). இடம் வருஷத்துல முக்கால்வாசி நாள் வெயிலும் புழுக்கமுமா இருக்குற இடம்.

ஓனர் எங்கயோ படிச்சுட்டு வந்து நெட் ஜீரோ தான் வேணும், அதாவது வருஷத்துக்குச் செலவாகுற கரண்டைக் கட்டடமே தயாரிச்சுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். நானும் சரி சார்னு தலையாட்டிட்டு வந்துட்டேன், இப்ப முழிக்கிறேன். சோலார்காரரைக் கூப்பிட்டுக் கேட்டா 40 கிலோவாட் பேனல் வேணும்கிறார். மொட்டை மாடியே 200 சதுர மீட்டர், அதுல மாடிப்படி ரூம், தண்ணி டேங்க் எல்லாம் போக 40 கிலோவாட் எங்க வைக்கிறது?

இன்னும் ரெண்டு சந்தேகம். ராத்திரிக்கு பேட்டரி வைக்காம இதை நெட் ஜீரோன்னு சொல்லிக்கலாமா? அப்புறம் ஓனருக்கு ரோட்டைப் பாத்த பக்கம் மேலேர்ந்து கீழ வரைக்கும் கண்ணாடி வேணும். ரோடு இருக்குறது மேற்கு. இதைச் சொன்னா எல்லாரும் திட்டுவீங்கன்னு தெரியும், பரவால்ல திட்டுங்க, ஆனா காரணத்தோட திட்டுங்க, நான் போய் அவர்கிட்ட சொல்லணும்ல.


யூனிட்கணக்கு:

திட்டு அப்புறம், முதல்ல கணக்கு.

பேட்டரி வேணாம். நெட் ஜீரோன்னா லைனை வெட்டிட்டு தனியா வாழ்றது இல்ல, அது வேற சமாச்சாரம். பகல்ல மிச்சமாகுறதை லைனுக்கு அனுப்புறீங்க, ராத்திரியும் மழை நாள்லயும் லைன்லேர்ந்து எடுக்குறீங்க, பன்னெண்டு மாசம் கழிச்சுக் கூட்டிக் கழிச்சா அனுப்பினது எடுத்ததுக்குச் சமமாவோ மேலயோ இருக்கணும். அவ்ளோ தான். இதுலயும் எந்தக் கணக்குல ஜீரோங்கிறது இருக்கு. கட்டடத்து மீட்டர்ல மட்டும் பாக்குறதா, பவர் பிளாண்ட்லயும் லைன்லயும் வீணாகுறதையும் சேக்குறதா, கரண்ட் பில்லுல ஜீரோவா, கார்பன்ல ஜீரோவான்னு அமெரிக்காவுல என்ஆர்இஎல்ங்கிற எனர்ஜி ஆய்வுக்கூடத்துக்காரங்க 2006லயே நாலா பிரிச்சு எழுதிட்டாங்க. உங்க ஓனர்கிட்ட எது வேணும்னு கேளுங்க, அவருக்கே தெரிஞ்சிருக்காது. உங்க சைஸுக்கு கட்டடத்து மீட்டர் கணக்கு போதும், அதான் சண்டை போடாம சரிபாக்க முடியுறது.

இப்ப அந்த 40 கிலோவாட் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். அவர் உங்க பிளானைத் திறந்தே பாத்திருக்க மாட்டார். சாதாரண ஆபீஸ் வருஷத்துக்கு சதுர மீட்டருக்கு 140 யூனிட் குடிக்கும்னு வச்சுக்கிட்டு 400ஆல பெருக்கினா 56,000 யூனிட், ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்கு 1,400 யூனிட் தரும்னு வகுத்தா சரியா 40. கணக்கு தப்பில்ல, ஆரம்பிச்ச நம்பர் தான் தப்பு.

நான் பண்றது தலைகீழ். முதல்ல மொட்டை மாடி என்ன தரும்னு பாருங்க. ஒரு சதுர மீட்டர் மாடில நடக்குற வழி, இடைவெளி, டேங்க் எல்லாம் போக 65 சதவீதம் பேனல் உக்காரும்னு வைங்க. இப்ப வர்ற பேனல் சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்குக் குறையாம இருக்கு. அப்ப 130 வாட், வருஷத்துக்கு 180 யூனிட் சொச்சம். அதாவது ஒரு தளம் மட்டும் கட்டினா சதுர மீட்டருக்கு 180 யூனிட் தாராளமா செலவு பண்ணலாம், ரெண்டு தளம்னா 90, மூணுன்னா 60, நாலுன்னா 45. தளம் ஏற ஏற ஒவ்வொருத்தருக்கும் பங்கு குறையும், சொத்து பிரிக்கிற மாதிரி தான். உங்களுக்கு 90. அதுலயும் பேனல் வருஷா வருஷம் அரை சதவீதம் போல தேயும், தூசி படியும், அதனால 70க்கு மேல போகாதீங்கன்னு சொல்வேன், 60ல நிறுத்தினா நிம்மதி.

60ன்னா வருஷத்துக்கு 24,000 யூனிட். பேனல் 17 கிலோவாட், கொஞ்சம் கூட வச்சு 20. 550 வாட் பேனல் 37 போட்டா முடிஞ்சது, நூறு சதுர மீட்டர்கூட முழுசா ஆகாது. மாடில இடமும் இருக்கும்.

60 எல்லாம் நடக்குமான்னு கேப்பீங்க. சியாட்டில்ல புல்லிட் சென்டர்னு ஒரு ஆபீஸ், 2013ல திறந்தது, ஆறு தளம், ஊரோ பாதி நாள் மேகமூட்டம். அவங்க டிசைன் பண்ணினது சதுர மீட்டருக்கு 50 யூனிட் சுமாருக்கு. அப்படியும் மாடி பத்தாம பேனலை சுவரைத் தாண்டி தொப்பி மாதிரி நீட்டி வச்சிருக்காங்க, போட்டோல பாத்தாலே தெரியும். டெல்லில இந்திரா பர்யாவரண் பவன், 2014, 930 கிலோவாட், அங்கயும் பேனல் கட்டடத்தை விட்டு வெளிய நீட்டிட்டு தான் நிக்குது. உங்களுக்கு ரெண்டு தளம் தான், அந்தக் கூத்தெல்லாம் தேவையே இல்ல.

இன்னொன்னு மறந்துட்டேன். லைனுக்கு அனுப்புற யூனிட்டை எப்படி வரவு வைப்பாங்கங்கிறது இடத்துக்கு இடம் மாறும், சில இடத்துல ஒண்ணுக்கு ஒண்ணு, சில இடத்துல அடிமாட்டு ரேட். நெட் ஜீரோ கணக்கு இதால மாறாது, ஓனர் முகம் மாறும். அதனால முன்னாடியே விசாரிச்சுடுங்க.


நிழல்தேடி:

மேற்கு கண்ணாடிக்கு நான் வரேன். நான் ஆர்க்கிடெக்ட், இந்த வேண்டுகோளை வருஷத்துக்கு நாலு தடவையாவது கேக்குறேன்.

ஓனர்கிட்ட அழகு, காத்து, இயற்கைன்னு எதுவும் பேசாதீங்க, ஏசி டன்ல பேசுங்க. சாயங்கால வெயில் மேற்கு சுவர்ல நேரா அறையும்போது சதுர மீட்டருக்கு 650 வாட் போல விழும். சாதா கண்ணாடி அதுல 80 சதவீதத்தை உள்ள விட்ரும். 40 சதுர மீட்டர் கண்ணாடி வச்சா 20 கிலோவாட் சூடு, ஏசி பாஷைல கிட்டத்தட்ட 6 டன், அதுவும் நாள் பூரா வேலை பாத்து மனுஷன் களைச்சுப் போய் உக்காந்திருக்குற நாலு மணிக்கு. ஒழுங்கா டிசைன் பண்ணினா உங்க மொத்தக் கட்டடத்துக்கும் 7 டன் போதும். ஒரு சுவருக்காக அதை ரெண்டு மடங்கு ஆக்கணுமான்னு கேளுங்க. நல்ல கோட்டிங் போட்ட கண்ணாடி வச்சா இந்த 20ஐ 6, 7க்கு இறக்கலாம், ஆனா அப்பவும் கண்ணு கூசும், உள்ள திரை போட்ருவாங்க, திரை போட்டு மூடுறதுக்கு எதுக்குய்யா கண்ணாடி. உள்ள போடுற திரை வெளிச்சத்தைத் தடுக்கும், சூட்டைப் பெருசா தடுக்காது. கண்ணாடியைத் தாண்டி வந்தாச்சுன்னா அந்த சூடு உங்க வீட்டு விருந்தாளி, வெளிய அனுப்ப கரண்ட் செலவு பண்ணணும். தடுக்குறதுன்னா கண்ணாடிக்கு வெளியவே தடுக்கணும்.

நான் செய்றது என்னன்னா மாடிப்படி, டாய்லெட், ஸ்டோர், ஃபைல் ரூம் இதெல்லாம் மேற்கு பக்கம் கொண்டு போய் வரிசையா அடுக்கிடுவேன். வெயில் அங்க வந்து முட்டிக்கட்டும். ரோட்டுலேர்ந்து பாக்க நல்லா இருக்கணும்னா அந்த சுவருக்கு ஒரு அடி முன்னாடி செங்கல் ஜாலியோ (ஓட்டை ஓட்டையா விட்டுக் கட்டுற சுவர்) நட்டுக்குத்தா நிக்கிற பட்டைகளோ வச்சு விளையாடுங்க, கண்ணாடியை விட நல்லாவே இருக்கும்.

கட்டடம் கிழக்கு மேற்கா நீளமாவும் வடக்கு தெற்கா ஒடுங்கியும் இருக்கட்டும். 200 சதுர மீட்டர்னா 17க்கு 12 வச்சுப் பாருங்க. 12 மீட்டர் அகலம் ஏன்னா ஜன்னலோட மேல் விளிம்பு தரையிலேர்ந்து எவ்ளோ உயரமோ அதுல ரெண்டு, ரெண்டரை மடங்கு தூரம் வரைக்கும் தான் பகல் வெளிச்சம் உள்ள வரும். ஜன்னல் தலை 2.6 மீட்டர்ல இருந்தா ஒரு பக்கத்துலேர்ந்து ஆறு மீட்டர், வடக்குலேர்ந்தும் தெற்குலேர்ந்தும் வந்தா நடுவுல சந்திச்சுக்கும். 20 மீட்டர் அகலத்துல கட்டிட்டு நடுவுல இருக்குறவனுக்கு நாள் முழுக்க லைட் போட்டுக் குடுக்குறது தான் இப்ப எல்லாரும் பண்ற தப்பு.

தெற்கு வெயில் உச்சில வரும், மேல ஒரு சன்ஷேட் போட்டா கதை முடிஞ்சது. வடக்கு ரொம்ப சாது (பூமத்திய ரேகைக்கு வடக்க இருந்தீங்கன்னா. ரொம்பப் பக்கத்துல இருந்தா வருஷத்துல சில மாசம் வடக்கு சுவர்லயும் வெயில் விழும், அங்கயும் சின்னதா ஒரு ஷேட்). கிழக்கும் மேற்கும் தான் வம்பு, சூரியன் தாழ்வா வர்றதால சன்ஷேட்டுக்குக் கீழ பூந்து வரும். மொத்த சுவர்ல ஜன்னல் 25, 30 சதவீதம் இருந்தா தாராளம்.

இன்னொரு விஷயம் பேனல் சம்பந்தமா. மாடிப்படி ரூம், டேங்க், டிஷ் ஆன்டெனா எதோட நிழலும் பேனல் மேல விழக்கூடாது. ஒரு பேனல்ல கால்வாசி நிழல்னா அது மட்டும் கொறையும்னு நினைக்காதீங்க, ஒரே வரிசையா கோத்திருந்தா அந்த வரிசையையே இழுத்து விட்ரும். கைப்பிடிச் சுவர் நிழல்கூட காலைல மாலைல கணக்குல வரும். படி ரூமை வடமேற்கு மூலைல தள்ளுங்க, மேற்கு அடுக்குக்கும் ஒத்து வரும். பேனலுக்கும் தளத்துக்கும் நடுவுல ஓரடியாவது காத்து போக விடுங்க, பேனல் சூடானா விளைச்சல் குறையும், 25 டிகிரில டெஸ்ட் பண்ணின நம்பர் தான் பின்னாடி ஒட்டியிருக்கும், வெயில்ல அது 60, 65 போகும், டிகிரிக்கு 0.35 சதவீதம் போல இறங்கும். அப்படியே மாடிக்கு நிழலும் கெடச்சுரும், ஆனா அதுக்காக மாடில இன்சுலேஷன் போடாம விட்றாதீங்க.


சின்னக்கட்டடம்:

அண்ணே ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. 6 டன் கணக்கை ஓனருக்கு போன்லயே சொன்னேன், ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் "ஜாலின்னா எப்படி இருக்கும், படம் அனுப்பு"ன்னார். பாதி ஜெயிச்சாச்சு.

சைட்டுக்கு ஒரு ஏசிக்காரர் வந்து அளவு எடுத்துட்டு 16 டன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனார். நான் 7 டன்னு இங்க படிச்சதைச் சொன்னா சிரிக்கிறார். "நாளைக்குக் குளிரலன்னா என்னைக் கூப்பிடாதீங்க"ங்கிறார். யாரை நம்புறது?


கம்ப்ரஸர்காரன்:

தம்பி, நான் அந்த ஏசிக்காரர் ஜாதி தான், 20 வருஷமா இதே பொழப்பு, அதனால அவர் மனசு எனக்குத் தெரியும். ஏசி பெருசா இருந்து யாரும் போன் பண்ணித் திட்டினதில்ல, சின்னதா இருந்தா ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். அதான் 16. அவர் சதுர அடியைப் பாத்து டன் போட்டிருக்கார், உங்க சுவர், கண்ணாடி, நிழல் எதையும் பாக்கல. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமை கணக்கு போட்டுக் காட்டச் சொல்லுங்க, காட்டலன்னா வேற ஆளைப் பாருங்க.

ஆனா பெரிய ஏசி வெறும் கரண்ட் பிரச்சனை மட்டும் இல்ல, இதை நிறைய பேர் புரிஞ்சுக்கறதில்ல. புழுக்கமான இடத்துல ஏசிக்கு ரெண்டு வேலை, ஒண்ணு சூட்டை எடுக்குறது, இன்னொண்ணு ஈரத்தை எடுக்குறது. ஈரம் எடுக்கணும்னா காயில் (ஏசிக்குள்ள குளிர்ற குழாய்) நல்லா ஜில்லுனு ஆகி காத்து அது மேல தொடர்ந்து ஓடணும், அப்ப தான் சொட்டு சொட்டா வடியும். ஓவர்சைஸ் ஏசி அஞ்சே நிமிஷத்துல டெம்பரேச்சரை இறக்கிட்டு கம்ப்ரஸரை நிறுத்திடும், ஃபேன் மட்டும் சுத்தும், காயில்ல ஒட்டியிருந்த தண்ணி வடியாம திரும்ப ரூமுக்குள்ளயே ஆவியாப் போகும். ரூம் 23 டிகிரி காட்டும், ஆனா உடம்பு நசநசன்னு இருக்கும், உடனே யாராவது ரிமோட்டை எடுத்து 20 வைப்பாங்க. நெட் ஜீரோ கட்டடத்துல இது இன்னும் மோசம், ஏன்னா நீங்க நிழல், இன்சுலேஷன், எல்ஈடின்னு சூட்டை எல்லாம் குறைச்சுட்டீங்க, ஆனா ஆள் மூச்சு விடுற ஈரமும் வெளிக்காத்துல வர்ற ஈரமும் அப்படியே தான் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆபீஸ், எல்லாம் பிரமாதமா கட்டினாங்க, ஏசி மட்டும் பழைய வழக்கப்படி ரெண்டு மடங்கு, முதல் மழைக்காலத்துலயே ஃபைல் அலமாரிக்குப் பின்னாடி பூஞ்சை. போட்டது நான் தான், அதனால தைரியமா சொல்றேன்.

அதனால வெளிக்காத்தைத் தனியா பாருங்க. 24 பேருக்கு ஆளுக்கு நொடிக்கு 9 லிட்டர் போல வெளிக்காத்து வேணும். புழுக்கமான நாள்ல அந்தக் காத்தைக் குளிர வச்சு ஈரம் எடுக்க மட்டும் 2 டன் சுமாருக்கு ஆகும். வெளிய போற குளிர்ந்த காத்தும் உள்ள வர்ற காத்தும் ஒண்ணோட ஒண்ணு உரசிட்டுப் போற மாதிரி ஒரு பெட்டி இருக்கு, ஈஆர்வின்னு சொல்லுவோம், ஈரத்தையும் சேத்து கைமாத்தி விடும், அதைப் போட்டா அந்த 2 டன்னு 1க்குக் கீழ வந்துரும். ரூம்ல சிஓடூ சென்சார் (மூச்சுக்காத்தை வச்சு எவ்ளோ ஆள் இருக்காங்கன்னு கணிக்கிறது) ஒண்ணு வச்சு ஆள் இல்லாதப்ப ஃபேனை மெதுவா ஓட விடுங்க. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா கரண்ட் எட்டுல ஒரு பங்கு தான், இது விதி, எவனும் மாத்த முடியாது.

அப்புறம் சீலிங் ஃபேன். சிரிக்காதீங்க. ஆபீஸ்னா ஃபேன் இருக்கக்கூடாதுன்னு யார் சொன்னாங்கன்னே தெரியல. ஏசி 26, 27ல வச்சு மேல ஃபேன் மெதுவா சுத்தினா 24ல உக்காந்த மாதிரி தான் இருக்கும், ரெண்டு மூணு டிகிரி சும்மா கெடைக்குது. பிஎல்டிசி ஃபேன், அதாவது கரண்ட் கம்மியா இழுக்குற மோட்டார் வச்சது, 30 வாட், பழைய ஃபேன் 70, 75. ஒவ்வொரு நாலு பேருக்கும் ஒரு ஃபேன், ஸ்விட்ச் அவங்க கைல. ரிமோட் சண்டையும் பாதி குறையும்.

மெஷின் வாங்குறப்ப ஸ்டாரை மட்டும் பாக்காதீங்க, பாதி சுமைல எப்படி ஓடுதுன்னு கேளுங்க. வருஷம் முழுக்க முழு சுமைல ஓடுறது சில நாள் தான், மிச்ச நாள் எல்லாம் அரைகுறை சுமைல தான் ஓடப் போகுது.


பழசேபோதும்:

எல்லாம் சரி, ஒரு கேள்வி. புதுக் கட்டடம் எதுக்கு? உலகத்துல வர்ற கார்பன்ல 7, 8 சதவீதம் சிமெண்ட் மட்டும். புதுசா காங்கிரீட் ஊத்தி, கம்பி கட்டி, அதுக்கு மேல பேனல் வச்சுட்டு ஜீரோன்னு போர்டு மாட்டுறது எனக்கு என்னமோ முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிற மாதிரி தான் தோணுது. கரண்ட் பில்லுல வர்றது மட்டும் தான் கணக்கா?


யூனிட்கணக்கு:

கேள்வி நியாயம், நெட் ஜீரோ எனர்ஜின்னா கட்டினதுக்கப்புறம் ஓடுற கரண்டை மட்டும் தான் சொல்லுது, கட்டும்போது போற கார்பன் அதுல வரவே வராது. ஒத்துக்குறேன். பழைய கட்டடம் ஒண்ணு தாக்குப் புடிக்கிற நிலைமைல கெடைச்சா அதுல நிழலும் இன்சுலேஷனும் போட்டு சரி பண்றது தான் முதல் சாய்ஸ். சின்னக்கட்டடம் தம்பி, உங்க ஓனர்கிட்ட இதையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.


சின்னக்கட்டடம்:

கேட்டேன் சார். இப்ப இருக்குறது வாடகைக் கட்டடம், மேல இன்னும் மூணு கம்பெனி, மொட்டை மாடி அவங்களது இல்ல. அதனால புதுசு தான். ஆனா பேஸ்மெண்ட் கார் பார்க்கிங்னு ஒண்ணு பிளான்ல இருந்துச்சு, அதை எடுத்துட்டோம், காங்கிரீட் பாதியாக் கொறஞ்சுது. பழசேபோதும் அண்ணனுக்கு அது சமர்ப்பணம்.


ராத்திரிமீட்டர்:

லேட்டா வரேன். எல்லாரும் ஏசி, கண்ணாடி, பேனல்னே பேசுறீங்க, நான் இதுல அடிபட்ட கதையைச் சொல்றேன்.

உங்க சைஸ் கட்டடம் தான், நாங்களும் 60ன்னு தான் டிசைன் பண்ணினோம். நிழல், ஃபேன், சின்ன ஏசி எல்லாம் பக்கா. ஒரு வருஷம் முடிஞ்சு மீட்டரைப் பாத்தா பேனல் சொன்ன அளவு குடுத்திருக்கு, கட்டடம் 6,000 யூனிட்டுக்கு மேல ஜாஸ்தி குடிச்சிருக்கு. ஏசியைச் சந்தேகப்பட்டு ஒரு மாசம் வீணாப் போச்சு. அப்புறம் சும்மா ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மறந்து வச்ச ஹெல்மெட்டை எடுக்கப் போனேன், இருட்டு, ஒரு ஈ காக்கா இல்ல, மீட்டர் 1.1 கிலோவாட் காட்டுது. அங்கயே தரைல உக்காந்துட்டேன்.

கணக்கு போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஆபீஸ் ஒரு நாளைக்கு 10 மணி நேரம், 250 நாள்னா 2,500. மிச்சம் 6,260 மணி நேரம் கட்டடம் காலி. அதாவது நாம டிசைன் பண்றதெல்லாம் அந்த 2,500க்கு, அதை விட ரெண்டரை மடங்கு நேரத்தைப் பத்தி யாருமே யோசிக்கிறதில்ல. 1.1 கிலோவாட் அந்த 6,260 மணி நேரம் ஓடினா 6,900 யூனிட். காணாமப் போன யூனிட் அங்க தான் இருந்துச்சு. வெறும் 500 வாட் ஓடினாலே 3,100 யூனிட் ஆயிடும், 2.2 கிலோவாட், நாலு பேனல். யாருமே இல்லாத ஆபீஸுக்கு நாலு பேனல் வெயில்ல நின்னு உழைக்குது.

எங்க போகுதுன்னு டிபி பாக்ஸ்ல (கரண்ட் பிரிஞ்சு போற பெட்டி) ஒவ்வொரு எம்சிபி சுவிட்சா இறக்கிப் பாத்தேன். சர்வர் ரூம்னு ஒரு அலமாரி சைஸ் ரூம், அதுக்கு ஒரு தனி ஏசி 18ல, உள்ள இருந்த சர்வர் 150 வாட், அதைக் குளிர வைக்க அதை விட ஜாஸ்தி. யூபிஎஸ் தேவைக்கு அஞ்சு மடங்கு பெருசு, சும்மா இருந்தாலே அது தின்னுட்டு இருக்கும். தண்ணி மெஷின், ஒரு பக்கம் சூடாக்கிட்டு ஒரு பக்கம் குளிர வச்சுட்டு ராத்திரி முழுக்க யாருக்காகவோ காத்துட்டு இருக்கு. பிரிண்டர் ரெண்டு, தூங்குற மாதிரி நடிக்கும். கம்ப்யூட்டர்ல பாதி யாரும் ஆஃப் பண்றதில்ல. சர்வர் ரூம் ஏசியை 27க்கு ஏத்தி, யூபிஎஸ்ஸை மாத்தி, தண்ணி மெஷினுக்கு டைமர் போட்டு, டெஸ்க் பிளக் எல்லாத்தையும் ஒரே சுவிட்சுல கொண்டு வந்து கடைசியா போறவர் அணைக்கிற மாதிரி பண்ணினதும் 350 வாட்டுக்கு வந்துச்சு. ரெண்டாவது வருஷம் பேலன்ஸ் ஆச்சு, நூலிழைல.

அதனால கட்டும்போதே செய்ய வேண்டியது: டிபில லைட் தனி, ஏசி தனி, பிளக் தனி, சர்வர் தனி, பம்ப் தனின்னு வயரிங்கைப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டி மீட்டர். பின்னாடி பண்ணணும்னா சுவரை உடைக்கணும், நான் உடைச்சேன். எலக்ட்ரீஷியன் கேப்பார் "எதுக்கு சார் இவ்ளோ மீட்டர்"னு, கேக்கட்டும். டெஸ்க்டாப் வாங்கவே வாங்காதீங்க, மானிட்டரோட சேத்து 100, 150 வாட் போகும், லேப்டாப்பும் மானிட்டரும் 60 வாட்டுல முடியும், 24 பேருக்கு வித்தியாசம் என்னன்னு பாத்துக்கோங்க, அந்த சூட்டை வெளிய தள்ள ஏசிக்குப் போறதையும் சேத்து. கொலராடோல என்ஆர்இஎல் ஆபீஸ் ஒண்ணு 2010ல கட்டினாங்க, அங்க டெண்டர்லயே வருஷத்துக்கு இவ்ளோ எனர்ஜி தான்னு நம்பரை எழுதிட்டாங்க, மேசை மேல இருக்குற லேப்டாப்பும் டேட்டா சென்டரும் அந்தக் கணக்குக்குள்ள தான். நீங்களும் ஓனர்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க, கட்டடம் என் பொறுப்பு, பிளக்ல மாட்டுறது உங்க பொறுப்புன்னு. இல்லன்னா கடைசில உங்க தலைல தான் விடியும்.


குளிர்தேசத்தான்:

நான் இருக்குறது பனி கொட்டுற இடம், அதனால ஏசி கதை எனக்கு ஒட்டாது, ஆனா ஒண்ணு ரெண்டு இடத்துக்கும் பொது. காத்து ஒழுகல். இங்க சூடாக்கின காத்து வெளிய ஓடும், உங்க ஊர்ல ஈரக்காத்து உள்ள ஓடி வரும், ஓட்டை ஒண்ணு தான். கதவு சட்டம், ஜன்னல் ஓரம், கேபிள் போற துளை, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல மூடாம விட்ட சுவர் இதெல்லாம் தான் இடம். கதவுல ஒரு பெரிய ஃபேனை மாட்டி 50 பாஸ்கல் அழுத்தத்துல டெஸ்ட் பண்ணுவாங்க. பாசிவ் ஹவுஸ்காரங்க (ரொம்பக் கம்மி எனர்ஜில ஓடுற கட்டடத்துக்கு அளவுகோல் வச்சிருக்குறவங்க) மணிக்கு 0.6 தடவைக்கு மேல காத்து மாறக்கூடாதுங்கிறாங்க, அவ்ளோ இறுக்கம் உங்களுக்கு வேணாம், ஆனா டெஸ்ட்டை மட்டும் ஃபால்ஸ் சீலிங் மூடுறதுக்கு முன்னாடி பண்ணிடுங்க. மூடினதுக்கப்புறம் ஓட்டை தெரிஞ்சு என்ன பிரயோஜனம். இங்க ஹீட் பம்ப் தான், வெளிய இருக்குற சூட்டை உள்ள இழுத்துத் தர்ற மெஷின், ஒரு யூனிட் போட்டா மூணு யூனிட் சூடு தரும், கேஸ் லைனே இழுக்கல.


சின்னக்கட்டடம்:

எல்லாருக்கும் ஒரு அப்டேட். பிளான் 17க்கு 12 ஆச்சு, மேற்குல படியும் டாய்லெட்டும் ஸ்டோரும், ஜாலி ஓனருக்கு பிடிச்சுப் போச்சு, இப்ப அது அவர் ஐடியான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கார், சொல்லட்டும். வேற ஒரு ஏசிக்காரர் மணிக்கணக்கு சுமை போட்டு 7.5 டன்னு குடுத்திருக்கார், ஈஆர்வி தனியா. பேனல் 20 கிலோவாட். டிபில அஞ்சு மீட்டர், எலக்ட்ரீஷியன் நீங்க சொன்ன கேள்வியை அப்படியே கேட்டார்.

ராத்திரிமீட்டர் அண்ணே, உங்க கதையைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி ஓனரைக் கூட்டிட்டு அவங்க இப்ப இருக்குற வாடகை ஆபீஸுக்குப் போனேன். ஒரு லைட்கூட எரியல. 640 வாட். சாமானெல்லாம் அப்படியே புது ஆபீஸுக்கு வரப் போகுது. எதுலேர்ந்து தேட ஆரம்பிக்கிறது?


ராத்திரிமீட்டர்:

யூபிஎஸ். கண்ணை மூடிட்டு அதுலேர்ந்து ஆரம்பிங்க. அதுக்கு வர்ற லைன்லயும் அதுலேர்ந்து போற லைன்லயும் கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாம கவ்விப் புடிச்சு அளக்குறது) வச்சு ரெண்டையும் கழிச்சுப் பாருங்க. ஓனர் கைல டார்ச்சைக் குடுங்க, அவரே நம்பரைப் படிக்கட்டும்.


சின்னக்கட்டடம்:

படிச்சார். யூபிஎஸ்ஸுக்குள்ள போறது 230 வாட், வெளிய வர்றது 20. அதுல தொங்குறது ஒரு ரவுட்டரும் வாசல்ல இருக்குற கைரேகை மெஷினும் தான். "இதை நான் தானே பெருசா வாங்கச் சொன்னேன்"னு அவரே கேட்டார், நான் ஒண்ணும் சொல்லல அண்ணே.